பொகாசா பேரரசர் ஆனதும் வீழ்ந்ததும் எப்படி?

பிரெஞ்சுப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர் ழான்-பெடல் பொகாசா. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ராணுவத் தலைவராக இருந்தபோது, 1965-ன் கடைசி இரவில் தன் உறவினரான அதிபர் டாக்கோவைக் கவிழ்த்தார். அப்புறம் அதிபர் பதவியும் போதவில்லை. 1977 டிசம்பர் 4 அன்று நெப்போலியன் பாணியில் முடிசூட்டிக்கொண்டார். செலவு சுமார் 2 கோடி டாலர்! அந்த ஏழை நாடு எங்கே, இந்தக் கூத்து எங்கே? பிரான்சும் இதற்குக் கைகொடுத்தது.

சரி, அவரைச் சாய்த்தது எது? பள்ளிச் சீருடை. விலை கூடிய சீருடையைக் கட்டாயமாக்கியதால் 1979 ஜனவரியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரலில் சிறையில் அடைத்த பிள்ளைகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பிரான்ஸ் கைவிட்டது. செப்டம்பரில் அவர் லிபியா போயிருந்த நேரம் பார்த்து பிரெஞ்சுப் படை வந்திறங்கி, அதே டாக்கோவை மறுபடி அதிபராக்கியது.