விளக்கை அணைக்கும் அப்பா

சென்ற இதழில் அமெரிக்க மேடை நாடகங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாடகங்களில் வரும் குடும்பங்களைப் பற்றியே கேட்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நீங்கள் சொன்னதை நம்பி மூன்று நாடகங்கள் படித்தேன். மூன்றிலும் விடிந்தால் சண்டை, இருட்டினால் சண்டை. அந்த நாட்டில் ஒற்றுமையான குடும்பமே கிடையாதா? (கல்லூரி மாணவி ஒருவர்)

மூன்றையும் இன்னொரு முறை படியுங்கள். இந்தமுறை கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். ஒவ்வொரு சண்டையும் எந்தப் பொருளைச் சாக்காக வைத்துத் தொடங்குகிறது என்று மட்டும் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வீணாக எரிகிற விளக்கு, கட்டாமல் விட்ட மின்கட்டணம், தைத்துத் தைத்துப் போடும் காலுறை, தபாலில் வரப்போகும் காப்பீட்டுக் காசோலை என்று வரும். எல்லாமே காசு சம்பந்தப்பட்டவை. ஆனால் அவர்கள் காசுக்காக அடித்துக்கொள்ளவில்லை. ‘என்னை உனக்குப் பிடிக்குமா?’ என்று வாய்விட்டுக் கேட்க முடியாதவர்கள் மின்கட்டணத்தைப் பற்றிக் கத்துகிறார்கள். 26 ஆண்டுகள் இந்த நாடகங்களை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

யூஜீன் ஓ'நீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகத்தின் நான்காவது அங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஆகஸ்ட் மாதம், நள்ளிரவு, வெளியே மூடுபனி. அப்பா ஜேம்ஸ் டைரோன் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார். காசநோய் என்று அன்றுதான் உறுதியான இளைய மகன் எட்மண்ட், இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறான். விளக்கு போட்டால் என்ன என்று வாக்குவாதம். அப்பாவுக்கு ரோஷம் வந்து, எல்லாமே எரியட்டும் என்று மேலே தொங்கும் சரவிளக்கின் மூன்று பல்புகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறார். அந்த வெளிச்சத்தில்தான் அவர் மனம் திறக்கிறார். தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போனது, பத்து வயதில் பட்டறைக்குப் போய் நாளைக்கு 12 மணி நேரம் அரம் செய்யக் கற்றுக்கொண்டது, வாரத்துக்கு 50 சென்ட் கூலி, பெரிய நடிகனாக வந்திருக்க வேண்டியவன் நிச்சயமாகப் பணம் வரும் ஒரே நாடகத்தில் சிக்கி வீணாய்ப் போனது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். மகனும் முதல்முறையாக அப்பாவைப் புரிந்துகொள்கிறான். அடுத்த நிமிடம் அப்பா சொல்கிறார், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, அணைத்துவிடட்டுமா? மின்சாரக் கம்பெனியைப் பணக்காரனாக்குவானேன்? ஒவ்வொரு பல்பாகத் திருகி அணைத்துவிடுகிறார்.

இந்த இடத்தை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மகனிடம் இவ்வளவு நெருங்கி வந்துவிட்டவர், அந்த நெருக்கத்தைத் தாங்க முடியாமல் பழைய இருட்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறார்.

கேள்வி: அந்த நாடகத்தை 25 ஆண்டுகள் வெளியிடக்கூடாது என்று ஓ'நீல் சொல்லியிருந்தாராமே? அவர் மனைவி அதை மீறியது நியாயமா?

உண்மைதான். 1941-இல் எழுதி முடித்தார். பிறகு கையெழுத்துப் பிரதியை முத்திரையிட்டுப் பதிப்பாளரிடம் கொடுத்து, தான் இறந்து 25 ஆண்டுகள் கழித்தே அச்சிட வேண்டும், மேடை ஏற்றவே கூடாது என்று சொல்லிவைத்தார். 1953 நவம்பரில் இறந்தார். மனைவி கார்லோட்டா 1956-லேயே வெளியிட்டுவிட்டார். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமிலும் நவம்பரில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயிலும் மேடை ஏறியது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது.

கொடுத்த வாக்கை மீறியது மீறியதுதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த டைரோன் குடும்பம் ஓ'நீலின் சொந்தக் குடும்பம்தான். யாரைக் காப்பாற்ற அவர் அப்படிப் பூட்டிவைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய அப்பா 1920-இல், அம்மா 1922-இல், அண்ணன் 1923-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாடகத்தில் வரும் நால்வரில் மிச்சம் இருந்தவர் அவர் ஒருவரே.

நாடகத்தில் அவர் செய்த ஒரு சிறிய மாற்றத்தை எண்ணிப் பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன். ஓ'நீலுக்கு முன் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அம்மை வார்த்து இறந்துபோன அண்ணன் ஒருவன் உண்டு. அவன் பெயர் எட்மண்ட். நாடகத்தில் இறந்துபோன குழந்தைக்கு யூஜீன் என்று தன் பெயரை வைத்தார்; உயிரோடு இருக்கும் மகனுக்கு அந்த எட்மண்டின் பெயரை வைத்தார். தன்னைத்தானே தொட்டிலில் சாகவைத்துவிட்டு எழுத உட்கார்ந்த மனிதர் அவர்.

கனெடிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், ஆற்றைப் பார்த்தபடி, நாடகம் நடக்கும் அந்த வீடு இன்றும் இருக்கிறது. மான்டி கிறிஸ்டோ காட்டேஜ் என்று பெயர். ஓ'நீலின் அப்பா ஆயிரக்கணக்கான முறை நடித்துச் சம்பாதித்த நாடகத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். ஒருமுறை போயிருந்தபோது கீழே கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாடியில் வேறு யாரோ ஒரு பார்வையாளர் நடந்தார். மரத்தளம் முனகியது. நாடகத்தில் அப்பாவும் மகனும் கீழே சீட்டோடு உட்கார்ந்திருக்க, மார்ஃபின் என்ற போதைமருந்தை ஏற்றிக்கொண்ட அம்மா மாடியில் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இருவரும் பேச்சை நிறுத்தி மேலே பார்ப்பார்கள். அன்று நானும் அப்படித்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

கேள்வி: வில்லி லோமன் பொய் பேசுகிறவன், மனைவிக்குத் துரோகம் செய்தவன். அவனுக்காக நாம் ஏன் அழ வேண்டும்? (வங்கி ஊழியர்)

அழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அந்தக் காலுறைகளை மறந்துவிடாதீர்கள்.

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 1949 பிப்ரவரியில் மேடைக்கு வந்தது. அதில் வில்லியின் மனைவி லிண்டா சமையலறையில் உட்கார்ந்து தன் பட்டுக் காலுறையைத் தைப்பாள். புதிது விலை அதிகம் என்பதற்காகத் தைக்கிறாள். வில்லி அதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கிறான், என் வீட்டில் இதைத் தைக்காதே, தூக்கி எறி என்று. அவன் ஏன் இப்படிக் கத்துகிறான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பாஸ்டன் ஓட்டலில் வேறொரு பெண்ணுக்கு அவன் பெட்டி பெட்டியாகப் புதுக் காலுறை கொடுத்தான் என்பது நமக்குத் தெரியும், மூத்த மகன் பிஃப்புக்குத் தெரியும். கணக்குப் பாடத்தில் தோற்றுவிட்டு, அப்பா வந்து ஆசிரியரிடம் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி பாஸ்டனுக்கு ஓடிவந்த பையன், அந்த அறையில் அவளைப் பார்த்துவிடுகிறான். அம்மாவின் காலுறையை அவளுக்குக் கொடுத்துவிட்டாயே என்பதுதான் அவன் வாயில் வருகிறது. அன்றோடு அவன் படிப்பு போயிற்று.

கடைசி இரவில் பிஃப், நான் ஒன்றுக்கும் ஆகாதவன் அப்பா, என்னை விட்டுவிடு என்று அப்பாவைக் கட்டிக்கொண்டு விம்முகிறான். அவன் மாடிக்குப் போனதும் வில்லி வியந்துபோய்ச் சொல்கிறான், பிஃப்புக்கு என்னைப் பிடித்திருக்கிறது! அறுபதைத் தாண்டிய மனிதனுக்கு, தன் மகனுக்குத் தன்னைப் பிடிக்கும் என்பது ஒரு செய்தியாக இருக்கிறது. கிடைத்த அந்தப் பிரியத்தை அவனால் பிரியமாகவே வைத்துக்கொள்ள முடிந்ததா? உடனே அதை 20,000 டாலர் காப்பீட்டுத் தொகையாக மாற்றிக் கணக்குப் போட்டு, காரை எடுத்துக்கொண்டு சாகப் போய்விடுகிறான். எனக்கு அழுகை வருவது அங்கேதான்.

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவில் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. இரண்டு மாணவர்கள் நடிக்க ஏதாவது காட்சி சொல்லுங்கள். (ஆசிரியர் ஒருவர்)

ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ நாடகத்தில் அப்பா ட்ராயும் மகன் கோரியும் பேசும் காட்சி. 1957, பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. ட்ராய் குப்பை வண்டித் தொழிலாளி. முற்றத்தில் வேலி போட்டுக்கொண்டிருக்கும்போது மகன் கேட்கிறான், உங்களுக்கு ஏன் என்னைப் பிடிக்கவே இல்லை? ட்ராய் கொதிக்கிறான். உன்னைப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? தினமும் சாப்பிடுகிறாயா, தலைக்குமேல் கூரை இருக்கிறதா, உடுக்கத் துணி இருக்கிறதா? அது என் கடமை, அதனால் செய்கிறேன். சம்பளம் கொடுக்கிறவன் என்னைப் பிடித்துப்போயா கொடுக்கிறான்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறான்.

மேலே வில்லியைப் பற்றிப் படித்தீர்கள் அல்லவா? அங்கே அப்பன் ஏங்கிய அதே சொல்லுக்கு இங்கே மகன் ஏங்குகிறான். ட்ராயாக நடிக்கிற பையனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: அவன் கொடியவன் இல்லை. நிறத்தைக் காரணம் காட்டிப் பெரிய பேஸ்பால் அணிகள் கதவைச் சாத்திய காலத்து ஆட்டக்காரன். மகன் அமெரிக்கக் கால்பந்து விளையாடப் போனால் அவனையும் அதே கதவு அடிக்கும் என்ற அச்சம் அவனுக்கு உண்மையாகவே உண்டு. தனக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைத்துவிடுமோ என்ற பொறாமையும் உண்டு. இரண்டையும் நடிக்கச் சொல்லுங்கள். ஒன்றை விட்டாலும் காட்சி படுத்துவிடும்.

கேள்வி: ‘ஹூ ஈஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்’ நாடகத்தில் இல்லாத குழந்தையை ஏன் கற்பனை செய்கிறார்கள்?

அந்தத் தம்பதிக்குச் சேர்ந்து செய்ய வேறு எதுவும் இல்லை. அந்தக் கற்பனை மகன் ஒருவன்தான் இருவரும் ஒன்றாகக் கட்டியது. எட்வர்ட் ஆல்பீ 1962-இல் எழுதிய இந்த நாடகத்தைப் புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் பரிந்துரைத்தார்கள்; மேல்குழு மறுத்துவிட, 1963-இல் நாடகத்துக்குப் பரிசே கொடுக்கப்படவில்லை. இது பிற்பாடு படிக்க வேண்டிய நாடகம். முதலில் வேண்டாம்.

கேள்வி: எல்லா நாடகத்திலும் அம்மாவைத்தான் கெடுதலாகக் காட்டுகிறார்கள். அம்மாக்கள் என்ன பாவம் செய்தார்கள்? (மூன்று பிள்ளைகளின் தாய்)

உங்கள் கோபத்தில் பாதியை ஏற்கிறேன். ட்ரேசி லெட்ஸின் ‘ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி’ 2007-இல் சிகாகோவில் அரங்கேறியது. அதில் வயலட் என்ற தாய், கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் புண்ணையும் தேடித்தேடிக் கிளறுவாள். வாயில் புற்றுநோய், கைநிறைய மாத்திரைகள். அந்தக் கணவனாக முதலில் நடித்தவர் எழுத்தாளரின் சொந்தத் தந்தை டென்னிஸ் லெட்ஸ். நாடகம் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2008-இல் காலமானார். வயலட்டை மன்னிப்பது எனக்கும் கடினம்தான்.

ஆனால் நீங்கள் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ படிக்க வேண்டும். 1959, பிராட்வேயில் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி மேடை ஏறிய முதல் நாடகம். அப்போது அவருக்கு வயது 28. சிகாகோவில் குடும்பம் முழுவதும் நெருக்கியடித்து வாழும் சிறிய வீடு. இறந்த கணவனின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வருகிறது. தாய் லீனா வீடு வாங்க 3,500 டாலர் முன்பணம் கட்டுகிறாள். மீதியை மகன் வால்டரிடம் நம்பிக் கொடுக்கிறாள், தங்கையின் மருத்துவப் படிப்புக்கு 3,000 டாலரை முதலில் வங்கியில் போடு என்று சொல்லி. அவன் அதையும் சேர்த்துக் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாந்து வருகிறான். இனி இவன் எனக்கு அண்ணனே இல்லை என்கிறாள் தங்கை. லீனா அவளை அதட்டுகிறாள். அவன் நன்றாக இருக்கும்போது நேசிக்கிறது பெரிதா? ஊரே அவனை மிதித்துத் தரையில் போட்டிருக்கிற இந்த நேரத்தில் அல்லவா நேசிக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

கணவன் ஆயுள் முழுக்க உழைத்த பணம் போயிருக்கிறது. அதற்காக அவளும் துடிக்கிறாள். ஆனாலும் காசையும் பிரியத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நிற்கிறாள். நான் இங்கே எழுதிய நாடகங்களில் அப்படி நிற்பவள் இவள் ஒருத்திதான்.

கேள்வி: என் அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். ‘தி கிளாஸ் மெனாஜரி’ படித்தபோது டாம் மீது அடக்க முடியாத கோபம் வந்தது. அவனை மட்டும் எப்படி எல்லோரும் மன்னிக்கிறார்கள்? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கோபம் நியாயமானது. டாம், வீட்டு மின்கட்டணத்துக்கு வைத்த பணத்தைக் கப்பல் தொழிலாளர் சங்கத்தில் கட்டிவிடுகிறான். அக்கா லாராவைப் பார்க்க ஒருவன் வந்திருக்கும் இரவில் வீடே இருண்டுபோகிறது. கால் சற்று ஊனமான, கண்ணாடிப் பொம்மைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிவைக்கும் அந்தப் பெண்ணை இருட்டில் விட்டுவிட்டு அவன் போகிறான்.

ஆனால் அவன் போன இடத்தில் நிம்மதியாக இருக்கவில்லை. ஏதோ ஓர் ஊரில், இரவில், வாசனைத் திரவியக் கடையின் ஜன்னலில் வண்ண வண்ணக் கண்ணாடிப் புட்டிகளைப் பார்த்ததும் அக்கா பின்னால் வந்து தோளைத் தொடுகிறாள். இதை எழுதிய டென்னசி வில்லியம்ஸுக்கு ரோஸ் என்று ஓர் அக்கா. 1943-இல் அவருக்கு மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் அவர் பழைய ரோஸாக இல்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடகம் சிகாகோவில் அரங்கேறியது. அக்காவின் பராமரிப்புச் செலவை வில்லியம்ஸ் ஏற்றுக்கொண்டார். 1983-இல் அவர் இறந்த பிறகும் ரோஸ் 1996 வரை உயிரோடு இருந்தார்.

நாடகம் முழுவதும் டாம் சொல்லும் கதை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த பிறகு லாரா என்ன செய்தாள், மறுநாள் காலை அம்மாவும் அவளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. உங்கள் வீட்டில் அந்த மறுநாள் காலை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எழுதி அனுப்புங்கள், எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு வரியும் இங்கே வராது.