எட்டிப் பார்ப்பதை எப்போது நிறுத்த வேண்டும்?

கேள்வி: ஜன்னலோரக் கொடியில் சின்னான் (புல்புல் பறவை) கூடு கட்டியிருக்கிறது. இரண்டு குஞ்சுகள், பொரித்து 8 நாளாகிறது. எப்போது பறக்கும்? தினமும் எட்டிப் பார்த்து வருகிறேன்.

பதில்: எட்டிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். சின்னான் குஞ்சுகள் பொதுவாக 10 முதல் 13 நாளில் கூட்டை விடும். கிளை அசைந்தாலே வாயைப் பிளந்த குஞ்சு, இப்போது உங்களைக் கண்டதும் பதுங்குகிறதா? அதற்குப் பயம் வந்துவிட்டது. இனி முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் இரண்டும் ஒரேயடியாகக் குதித்துவிடும். சிறகு பாதி உறைக்குள் இருப்பதால் திரும்பி ஏறவும் முடியாது.

ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, பைனாகுலரில் 10, 15 நிமிடம் பார்த்தால் போதும். தாய் அலகில் புழுவோடு பக்கத்துக் கிளையிலேயே நின்று கத்தினால், நீங்கள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். படம் எடுக்க இலையை மட்டும் விலக்காதீர்கள். வெயிலும் காக்கையும் அந்த வழியாகத்தான் வரும்.

சிறகைக் கவனியுங்கள். முதலில் ஊசி ஊசியாக இருக்கும்; பிறகு நுனி வெடித்துத் தூரிகைபோல விரியும். குஞ்சு கோதக் கோத உறை பொடுகாய் உதிரும். அடுத்து, விளிம்பில் ஏறி, கால் பிடியை விடாமல் சிறகடிக்கும். அதன்பின் எந்த நேரமும் கிளம்பலாம், பெரும்பாலும் காலையில். ஒன்று போய்ச் சில மணி நேரம் கழித்து மற்றது போவதும் உண்டு. வால் அப்போது வெறும் குச்சம்தான். அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: தரையில் கிடக்கும் குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைக்கலாமா? மனித வாடை பட்டால் தாய் சேர்க்காதாமே?

பதில்: வாடைக் கதையை நம்ப வேண்டாம். தோல் தெரிய, ஊசி இறகோடு கிடந்தால் கூட்டிலேயே வையுங்கள். உடல் சில்லென்றிருந்தால் முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். கூடே விழுந்திருந்தால், அடியில் ஓட்டையுள்ள சிறு கூடையில் அதை வைத்து அதே இடத்தில் கட்டிவிட்டு, தள்ளி நின்று ஒரு மணி நேரம் பாருங்கள்.

உடல் முழுக்க இறகு மூடி, விரலைப் பற்றிக்கொண்டு தத்துகிறதா? அது விழுந்ததல்ல, கிளம்பிவிட்டது. கூட்டில் வைத்தால் மறுபடியும் குதிக்கும். அருகிலுள்ள புதரில் விடுங்கள், பூனையை வீட்டுக்குள் அடையுங்கள். இன்னும் பல நாள் தாயும் தகப்பனும் அங்கேயே தேடிவந்து ஊட்டும். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் நுரையீரலுக்குப் போய்விடும்.

கேள்வி: சுத்தமாக இருந்த கூட்டு விளிம்பில் திடீரென எச்சம். நோயா?

பதில்: இல்லை. குஞ்சின் எச்சம் வெள்ளைப் பையாக வரும். பெற்றோர் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். கடைசி நாட்களில் சிலது தப்பிவிடும், அவ்வளவுதான்.