டிஃபென்ஸ் மாறினா அஃபென்ஸ் என்ன பண்ணும்? வாசகர் கேள்வி பதில்

போன தடவை சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோட ஃபைனல்) பத்தி எழுதினதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்திருக்கு, அதுல பாதி ஒரே விஷயத்தைத்தான், அதாவது தடுக்குற டீமான டிஃபென்ஸைப் பாத்து பந்து வச்சிருக்குற டீமான அஃபென்ஸ் எப்படி மாத்திக்குதுங்கறதைத்தான் சுத்தி சுத்தி வருது, அதனால இந்த தடவை முழுக்க அமெரிக்கன் ஃபுட்பால்தான். கோல் போடுற ஃபுட்பால் ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

டல்லாஸ்ல வேலை பாக்குறேன். திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல எல்லாரும் "ஹாஃப்டைம் அட்ஜஸ்ட்மென்ட்"னு பேசிக்கிறாங்க. அந்த கொஞ்ச நேரத்துல கோச் அப்படி என்னதான் மாத்துறார்? (வாசகர், டல்லாஸ்)

ஹாஃப்டைம்ல ரொம்ப கம்மியாதான் மாத்துறாங்க. சாதாரண மேட்ச்ல கால் மணி நேரம் கூட கிடையாது, உள்ள நடந்து போகணும், தண்ணி குடிக்கணும், அடிபட்டவனுக்கு கட்டு போடணும், அதுக்குள்ள வெளிய வான்னு கூப்பிட்டுடுவாங்க. நிஜமான மாத்தம் எல்லாம் ஒவ்வொரு டிரைவ் (பந்து ஒரு டீம் கைல இருக்குற ஒரு முறை) முடிஞ்சதும் பெஞ்சுல நடக்குது. டிவில குவாட்டர்பேக் (அஃபென்ஸை நடத்தி பந்தை எறியுறவர்) ஒரு டேப்லெட்டை மடில வச்சு தள்ளி தள்ளி பாத்துட்டு இருப்பாரே, அது இப்ப முடிஞ்ச பிளேயோட (பந்து கிளம்பி நிக்கிற வரைக்கும் ஆடுற ஒரு ஆட்டம்) மேலருந்து எடுத்த போட்டோ, பந்து கிளம்புறதுக்கு முன்னாடி டிஃபென்ஸ் எப்படி நின்னுச்சு, கிளம்பினதும் எங்க போச்சுன்னு அதுல தெரியும். 2014 வரைக்கும் இதையே பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டு கொடுத்துட்டு இருந்தாங்க.

இன்னொன்னு, அட்ஜஸ்ட்மென்ட்னா புதுசா ஒரு பிளே கண்டுபிடிக்கிறதுன்னு நினைச்சுடாதீங்க. வாரம் பூரா பிராக்டிஸ் பண்ணாததை பதினோரு பேருக்கு பெஞ்சுல உக்கார வச்சு சொல்லித்தர முடியாது. கைல இருக்குற பிளேல எது இன்னிக்கு இந்த டிஃபென்ஸுக்கு வேலை செய்யும்னு தேர்ந்தெடுக்குறதுதான் விஷயம். ஃபார்ட்டி நைனர்ஸ் டீமுக்கு கோச்சா இருந்த பில் வால்ஷ் மேட்ச்சோட முதல் 25 பிளே வரைக்கும் முன்னாடியே எழுதி வச்சுட்டு வருவார், கபடில ரெய்டு போறவன் தொடாமலே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி எவன் எங்க நகர்றான்னு பாப்பானே அந்த மாதிரி, ஒவ்வொரு ஃபார்மேஷனுக்கும் (ஆளுங்க நிக்கிற அமைப்புக்கும்) எதிராளி எப்படி பதில் சொல்றான்னு பாத்து குறிச்சுக்கிறதும் அந்த லிஸ்ட்டோட ஒரு முக்கியமான வேலை. அந்த லிஸ்ட் முடியும்போது அவருக்கு மிச்ச மேட்ச்சுக்கு என்ன கூப்பிடணும்னு பாதி தெரிஞ்சிருக்கும்.

ஸ்னாப்புக்கு முன்னாடி ஒரு பிளேயர் மட்டும் குறுக்க ஓடுறான். எதுக்கு? (கல்லூரி மாணவர், கோவை)

ஸ்னாப்னா பந்து கிளம்புற நொடி. அதுக்கு முன்னாடி ஓடுறதுக்கு பேரு மோஷன். அவன் ஓடும்போது எதிர்ல ஒருத்தன் கூடவே ஓடி வந்தா அது அனேகமா மேன் கவரேஜ், ஆளுக்கு ஆள் பிடிச்சிருக்காங்க. யாரும் கூட வராம வரிசை மட்டும் லேசா நகர்ந்தா அது ஜோன், இடத்தை காவல் காக்குறாங்க. இது எப்பவும் சரியா வராது, ஏமாத்துறதுக்குன்னே கூட ஓடுற டீமும் உண்டு, ஆனா குவாட்டர்பேக்குக்கு இலவசமா கிடைக்கிற முதல் தகவல் இதுதான்.

இதை வச்சே ஒரு சூப்பர் பவுல் ஜெயிச்சிருக்காங்க. 2023 பிப்ரவரி, சீஃப்ஸுக்கும் ஈகிள்ஸுக்கும். ஹாஃப்டைம்ல 24-14, சீஃப்ஸ் பின்னாடி. ஈகிள்ஸ் டிஃபென்ஸ்கிட்ட ஒரு பழக்கம், ரிசீவர் (பாஸ் பிடிக்க ஓடுறவன்) குறுக்க ஓட ஆரம்பிச்சா அவனை பிடிச்சிருந்தவன் "அந்தப் பக்கம் நீ பாத்துக்கோ"ன்னு கூட்டாளிகிட்ட ஒப்படைச்சுட்டு உள்ள நகர்ந்துடுவான். கோல் லைன் பக்கத்துல இதை சீஃப்ஸ் கப்புன்னு பிடிச்சாங்க. ரிசீவர் உள்ள ஓடுற மாதிரி ரெண்டு மூணு அடி வச்சான், டிஃபென்டர் கைமாத்தி விட்டான், அதே செகண்ட்ல ரிசீவர் பிரேக் போட்டு கிளம்பின பக்கமே திரும்ப வெளிய ஓடிட்டான், சுத்துவட்டாரத்துல ஒரு ஆள் இல்ல. கடாரியஸ் டோனி 5 யார்டு டச்டவுன் (பந்தை கோல் லைனுக்கு அப்பால கொண்டு போறது). கொஞ்ச நேரம் கழிச்சு அதே தந்திரம் எதிர்ப்பக்கத்துல, ஸ்கை மூர் 4 யார்டு டச்டவுன். ஒரே குவாட்டர்ல (மேட்ச்சோட கால் பங்குல) ஒரே ஏமாத்து ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் பந்து பிடிச்சவன் பக்கத்துல யாருமே இல்ல! கடைசில 38-35. செகண்ட் ஹாஃப்ல பந்து கைக்கு வந்த ஒவ்வொரு டிரைவ்லயும் சீஃப்ஸ் பாயின்ட் எடுத்தாங்க.

பாஸ் ரஷ் பயங்கரமா வர்ற டீமை என்ன பண்றது? குவாட்டர்பேக்குக்கு நிக்கவே டைம் இல்லையே? (வாசகர், சென்னை)

பாஸ் ரஷ்னா குவாட்டர்பேக்கை பிடிக்க பாஞ்சு வர்றது. அப்ப பந்தை சீக்கிரம் விட்டுடணும். பிளிட்ஸ் (வழக்கத்தை விட அதிக ஆளுங்க பாஞ்சு வர்றது) எங்கருந்து வருதோ அந்த இடம் காலியா இருக்கும், அங்கயே சின்ன பாஸ். இல்லன்னா ஸ்க்ரீன், வர்றவங்களை வரவிட்டு தலைக்கு மேல ரன்னிங் பேக்குக்கு (பந்தோட ஓடுறவனுக்கு) கொடுக்குறது. நடுநடுவுல ரன் பண்ணிட்டே இருந்தா வேகமா பாயுறவனுக்கு ஒரு தயக்கம் வரும், எனக்கு ரொம்ப பிடிச்ச வழி அதுதான். மேல சொன்ன ஈகிள்ஸ் அந்த ரெகுலர் சீசன்ல 70 சாக் (பாஸ் விடுறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கை கீழ தள்ளுறது) எடுத்த டீம், சூப்பர் பவுல்ல கணுக்கால் வலியோட நொண்டிக்கிட்டு ஆடின சீஃப்ஸ் குவாட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவை கூட சாக் பண்ண முடியல.

13-3ல முடிஞ்ச பேட்ரியட்ஸ், ராம்ஸ் சூப்பர் பவுல் மாதிரி போரான மேட்ச் பாத்ததில்லைன்னு வீட்டுக்காரர் சொல்றார். உங்களுக்கு பிடிக்கும்னு எழுதியிருந்தீங்க, ஏன்? (வாசகி, சான் ஹோசே)

சார்கிட்ட நாலாவது குவாட்டரை மட்டும் இன்னொரு தடவை போட்டு பாக்க சொல்லுங்க. 2019 பிப்ரவரி 3. மூணு குவாட்டர் முடிஞ்சு 3-3, ராம்ஸ் டிஃபென்ஸ் பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் பிரேடிக்கு எதையும் சுலபமா கொடுக்கல.

அப்ப பேட்ரியட்ஸ் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஜாஷ் மெக்டேனியல்ஸ் ஆளை மாத்தினார். ரெண்டு டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யுற பெரிய ஆளுங்க), ரெண்டு பேக், ஒரே ஒரு ரிசீவர் எடல்மேன். இப்படி கனமான ஆளுங்க வந்தா எதிராளி என்ன நினைப்பான், ரன் வரப்போகுதுன்னு லைன்பேக்கருங்களை, அதாவது பெரிய உடம்புக்காரங்களை உள்ள வைப்பான். ராம்ஸும் அதைத்தான் பண்ணாங்க. உடனே பேட்ரியட்ஸ் அந்த கனமான ஆளுங்களையே மைதானத்தோட அகலத்துக்கு பரப்பி நிறுத்திட்டாங்க, முட்டி மோதி வழி விடுற வேலை பாக்குற ஃபுல்பேக் டெவலின் கூட ரிசீவர் மாதிரி தள்ளி நிக்கிறார், பிரேடி பின்னாடி தனியா. இப்ப ராம்ஸ் மாட்டிக்கிச்சு, ஏன்னா உள்ள இருக்குற லைன்பேக்கர் எடல்மேனை துரத்தணும், டைட் எண்ட் கிரான்கௌஸ்கியை துரத்தணும், ஆளை மாத்தலாம்னா டைம் இல்ல.

முதல்ல கிரான்கௌஸ்கிக்கு 18 யார்டு. அப்புறம் ஒரே பிளே, வரிசையா மூணு தடவை! ஓரத்துல இருக்குறவங்க கொஞ்ச தூரம் ஓடி நின்னு திரும்பணும், அவங்களுக்கு உள்பக்கம் இருக்குறவங்க நேரா மேல ஓடணும், நடுவுல எடல்மேன் எதிர்ல நிக்கிறவனை பாத்து எந்தப் பக்கம் வேணா திரும்பலாம். முதல் தடவை எடல்மேனுக்கு 13, அடுத்து ரன்னிங் பேக் பர்க்ஹெட்டுக்கு 7, மூணாவது நேரா மேல ஓடின கிரான்கௌஸ்கிக்கு 29 யார்டு, லைன்பேக்கர் தலைக்கு மேல போய் விழுந்துச்சு. பந்து கோல் லைனுக்கு 2 யார்டுல, அடுத்த பிளே சோனி மிஷெல் ஓடி டச்டவுன். அஞ்சே பிளேல 69 யார்டு. அந்த பிளே ஒண்ணும் புதுசில்ல, பேட்ரியட்ஸ் வருஷக்கணக்கா வச்சிருந்தது, யாரை வச்சு எங்க நிறுத்தி ஆடணும்ங்கறதை மட்டும்தான் மாத்தினாங்க. ஒரு மேட்ச் முழுக்க கதவு தட்டிட்டு சரியான சாவியை கடைசில எடுத்ததை நேர்ல பாக்குறது எனக்கு 50 பாயின்ட் மேட்ச்சை விட பெரிய சந்தோஷம்.

28-3ல இருந்து ஃபால்கன்ஸ் எப்படி சார் தோத்தாங்க? அஃபென்ஸ் எந்த இடத்துல மாறியிருக்கணும்? (வாசகர், திருச்சி)

2017 சூப்பர் பவுல், பேட்ரியட்ஸுக்கு எதிரா. ஃபால்கன்ஸ் டிஃபென்ஸ் ஓஞ்சு போச்சுங்கறது உண்மை, பேட்ரியட்ஸ் அன்னிக்கு 90க்கும் மேல பிளே ஆடினாங்க, ஃபால்கன்ஸ் அதுல பாதிதான். ஆனா நீங்க கேட்ட அந்த இடம் ஒண்ணு இருக்கு. 28-20, நாலாவது குவாட்டர், அஞ்சு நிமிஷத்துக்கும் கம்மியா பாக்கி, ஜூலியோ ஜோன்ஸ் ஓரமா காலை கோட்டுக்குள்ள வச்சு ஒரு அதிசய கேட்ச் பிடிச்சு பந்தை பேட்ரியட்ஸோட 22 யார்டுக்கு கொண்டு வந்துட்டார். மூணு தடவை ஓடிட்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைச்சு எடுக்குற 3 பாயின்ட்) அடிச்சா 31-20, எதிராளிக்கு ரெண்டு ஸ்கோர் வேணும், டைமும் போயிருக்கும். முதல் ரன் ஒரு யார்டு நஷ்டம். அப்ப கூட ஒண்ணும் கெட்டுப் போகல. அடுத்த பிளேக்கு ஃபால்கன்ஸ் குவாட்டர்பேக் மேட் ரையன் பாஸ் பண்ண பின்வாங்கினார், 12 யார்டு நஷ்டத்துல சாக். அதுக்கடுத்து ஹோல்டிங் பெனால்டி (எதிராளியை கையால பிடிச்சு நிறுத்தினதுக்கு தண்டனை), இன்னும் 10 யார்டு பின்னாடி. ஃபீல்டு கோல் தூரத்தை தாண்டிப் போச்சு, பந்தை பன்ட் பண்ணி (தூரமா உதைச்சு) எதிராளிக்கு கொடுத்துட்டாங்க. பேட்ரியட்ஸ் 28-28 ஆக்கி ஓவர்டைம்ல 34-28.

பாஸ் பண்ணித்தான் அவ்ளோ தூரம் வந்தோம், அதையே பண்ணுவோம்னு நினைச்சதுல நியாயம் இருக்கு, அப்ப ஃபால்கன்ஸ் அஃபென்ஸ் கோஆர்டினேட்டரா இருந்த கைல் ஷனஹானை நான் முட்டாள்னு சொல்ல மாட்டேன். ஆனா அட்ஜஸ்ட்மென்ட்ங்கறது எதிர்ல நிக்கிற பதினோரு பேரை மட்டும் பாத்து பண்றதில்ல, ஸ்கோர்போர்டையும் கடிகாரத்தையும் பாத்தும் பண்ணணும். அந்த ஒரு பிளேக்கு ரன் கூப்பிட்டிருக்கணும்ங்கறது என் உறுதியான கருத்து.

டிவில பாக்கும்போது இதெல்லாம் கண்ணுல படவே மாட்டேங்குது, எங்க பாக்கணும்? (வாசகர், சிங்கப்பூர்)

பந்தை பாக்காதீங்க. ஸ்னாப்புக்கு முன்னாடி டிஃபென்ஸ்ல கடைசியா பின்னால நிக்கிற சேஃப்டிங்களை எண்ணுங்க. நடுவுல ஒருத்தன் மட்டும் இருந்தா இன்னொருத்தன் ரன்னை தடுக்க முன்னாடி இறங்கியிருக்கான், ஓரத்துல இருக்குற ரிசீவருக்கு சான்ஸ். ரெண்டு பேரும் பின்னாடி நின்னா ஓடுறதுக்கு வசதி. குவாட்டர்பேக் கத்தி கைகாட்டி ஏதாவது மாத்தினா திரும்ப ஒரு தடவை அவங்களையே பாருங்க. சில சமயம் கேமரா கிட்டப் போய் அவங்க ஃப்ரேம்லயே இருக்க மாட்டாங்க, அப்ப ரீப்ளே வரைக்கும் காத்திருக்கணும்.