வாசகர் கேள்வி பதில்: நோர்வே உதைபந்தாட்டத்தின் தலைவி

கேள்வி: ஒஸ்லோவில் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், தங்கள் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு ஒரு பெண்தான் தலைவி என்று பெருமையாகக் கதைக்கிறார்கள். அவர் யார்? அந்த இடத்துக்கு எப்படி வந்தார்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: உங்கள் பெறாமக்கள் சொல்வது லீசெ கிளாவெனெஸ் அவர்களைப் பற்றி. 1981இல் பிறந்த அவர், நோர்வே தேசிய மகளிர் அணிக்காக 73 ஆட்டங்களில் விளையாடியவர்; 2003, 2007 உலகக் கிண்ணப் போட்டிகளில் பங்குபற்றியவர். விளையாடிய காலத்திலேயே சட்டமும் படித்து, பின்னர் சட்டத்தரணியாகவும் ஒஸ்லோவில் உதவி நீதிபதியாகவும் பணியாற்றினார். தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசுபவராகவும் அந்நாட்டவர் அவரை அறிவர். 2018இல் சம்மேளனத்தின் உயர்மட்ட அணிகளுக்குப் பொறுப்பான பணிப்பாளராகச் சேர்ந்து, 2022 மார்ச்சில் தலைவியாகத் தெரிவுசெய்யப்பட்டார். 1902இல் தொடங்கிய அந்தச் சம்மேளனத்துக்கு அதற்கு முன் ஒரு பெண் தலைமை வகித்ததில்லை.

இது திடீரென்று நிகழ்ந்ததன்று. 1986இல் மெக்சிக்கோவில் கூடிய, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் மாநாட்டில், பெண்களுக்கும் ஓர் உலகக் கிண்ணம் வேண்டும் என்று எழுந்து பேசிய எலன் வில்லே நோர்வேயின் பேராளரே. அந்த மாநாட்டில் உரையாற்றிய முதற் பெண்ணும் அவரே. 1991இல் முதலாவது மகளிர் உலகக் கிண்ணம் சீனாவில் நடந்தது. 1995இல் அதை நோர்வே வென்றது. ஆதலால் கிளாவெனெஸ் வந்தபோது வழி ஓரளவு வெட்டப்பட்டிருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டாரில் அவர் ஆற்றிய உரையைப் பலர் புகழ்கிறார்கள். அங்கே நடந்த 2022 ஆண்கள் உலகக் கிண்ணப் போட்டியைப் புறக்கணிக்காமல், அங்கேயே போய்ப் பேசிவிட்டு வருவதில் என்ன துணிவு இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்

பதில்: நியாயமான கேள்வி, ஐயா. முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: புறக்கணிப்பதா இல்லையா என்பதை அவர் தனியே தீர்மானிக்கவில்லை. கட்டாரில் வேலை செய்யப் போன வெளிநாட்டுத் தொழிலாளரின் நிலை கண்டு நோர்வேயின் கழகங்கள் பல கொதித்தெழுந்ததால், அவர் தலைவியாவதற்கு முன்னரே, 2021 ஜூனில் விசேட பொதுக்கூட்டம் கூட்டப்பட்டு, வாக்கெடுப்பில் புறக்கணிப்புத் தோற்றது. கடைசியில் அவர்களது ஆண்கள் அணி அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவுமில்லை. ஆக அவரிடம் எஞ்சியிருந்தது பேச்சு மட்டுமே.

அந்தப் பேச்சை அவர் எங்கே பேசினார் என்பதில்தான் துணிவு இருக்கிறது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 மார்ச் 31 அன்று, கட்டாரின் தலைநகர் தோஹாவில் கூடிய பீபா மாநாட்டில், பீபா தலைவரும் போட்டியை நடத்தும் நாட்டவரும் முன்னே அமர்ந்திருக்க, உலகக் கிண்ணப் போட்டிகளை நடத்தும் உரிமை 2010இல் வழங்கப்பட்ட விதமே ஏற்றுக்கொள்ள முடியாதது என்றும், காயமுற்ற தொழிலாளரும் இறந்தோரின் குடும்பங்களும் கவனிக்கப்பட வேண்டும் என்றும், பெண்களின் ஆட்டத்தை நடத்த முடியாத தலைவர்களுக்கு இவ்விளையாட்டில் இடமில்லை என்றும் அவர் சொன்னார். இது அதற்குரிய இடமன்று என்று ஹொண்டுராஸ் பேராளர் எழுந்து மறுத்தார். கட்டாரின் ஏற்பாட்டுக் குழுப் பொதுச் செயலாளரும் கடுமையாகப் பதிலளித்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. அந்த உரையை நாம் வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படிக்க முடியாது.

2024 டிசம்பரில், 2034ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியை பீபா சவுதி அரேபியாவுக்குக் கரவொலியால் வழங்கியபோதும் நோர்வே அதில் சேர மறுத்து, தன் காரணங்களை எழுத்தில் கொடுத்தது. முடிவு மாறவில்லை, மறுப்புப் பதிவாகியது.

கேள்வி: நோர்வே ஆண்கள் அணியின் ஹாலண்ட் கோல் அடிக்கிறார், அணி வெல்கிறது. இதில் தலைவிக்கு என்ன பங்கு?
– மாணவன், உரும்பிராய்

பதில்: கோலில் பங்கில்லை, தம்பி. பயிற்றுநர் விடயத்தைப் பாருங்கள். 2020 முதல் பயிற்றுவிக்கும் ஸ்டோலே சோல்பாக்கன், 2024 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அணியைக் கொண்டுசெல்லத் தவறியபோது, அவரை அனுப்பிவிடுங்கள் என்ற கூச்சல் இருந்தும் சம்மேளனம் அவரை வைத்துக்கொண்டது. 1998க்குப் பின் முதன்முறையாக 2026 உலகக் கிண்ணத்துக்கு அவர்கள் தகுதி பெற்றார்கள்.

கேள்வி: கிளாவெனெஸ் தோற்றதே இல்லையா?
– வாசகர், நெல்லியடி

பதில்: தோற்றிருக்கிறார். 2023இல் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தின் நிறைவேற்றுக் குழுவுக்கு, பெண்ணுக்கென ஒதுக்கிய ஆசனத்தை விட்டு, ஆண்களோடு பொது ஆசனத்துக்குப் போட்டியிட்டார். 18 வாக்குகளே கிடைத்தன. 2025இல்தான் அந்தக் குழுவுக்குள் சென்றார். முதல் முயற்சி வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒதுக்கிய கதிரையில்தான் பெண் இருக்க வேண்டுமா என்ற கேள்வி அன்றுதான் வாக்குச் சீட்டுக்கு வந்தது.

இன்னொரு தலையிடி, நடுவரின் தீர்ப்பைக் காணொளியில் மீளப் பார்த்துச் சரிபார்க்கும் காணொளி நடுவர் முறை (VAR). அதை வெறுத்த இரசிகர்கள், 2024 ஜூலையில் ரோசன்போர்க், லில்லெஸ்ட்ரோம் அணிகளின் ஆட்டத்தில் மீன்கேக்குகளை மைதானத்துக்குள் எறிய, ஆட்டமே கைவிடப்பட்டது. (நல்ல மீனை இப்படி வீணாக்க நம்மவருக்கு மனம் வராது.) முதல் இரு பிரிவுகளின் 32 கழகங்களில் 19 கழகங்கள் அம்முறையை நீக்கப் பரிந்துரைத்தன. 2025 மார்ச்சில் எல்லா மட்டக் கழகங்களும் கூடிய பொதுக்கூட்டமோ 321க்கு 129 என்ற வாக்குகளால் அதை வைத்துக்கொண்டது. தோற்ற பக்கம் உரத்துக் கத்தியது; ஆனால் எண்ணிக்கையை யாரும் மறுக்கவில்லை.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஒருவர் வர முடியாதா?
– கழகச் செயலாளர், தெல்லிப்பழை

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்பது பொருத்தமானது. மகாஜனக் கல்லூரி மாணவியர் பாடசாலை மட்டத்தில் தேசியக் கிண்ணங்களைக் கொண்டுவந்தவர்கள். ஆட்டம் தெரிந்த பெண்களுக்கு இங்கே குறைவில்லை. குறைவு கூட்டங்களில் இருக்கிறது. தேர்தல் சர்ச்சையாலும் வெளித் தலையீட்டாலும் 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நம் அணியால் விளையாட முடியவில்லை. நிர்வாகிகளின் பிணக்குக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்கள்.

நம் நாட்டில் தலைவரைத் தெரிவுசெய்வோருள், கழகங்கள் சேர்ந்த பிரதேச அமைப்புகளான லீக்குகளின் பேராளர்களே பெரும்பான்மை. அந்த லீக்குகளில் உங்கள் கழகத்துக்கும் குரல் உண்டு. அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது, கணக்கறிக்கையின் பிரதியை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கழகத்தில் விளையாடி முடித்த பெண் ஒருவரைப் பேராளராகக் கூட்டிச் செல்லுங்கள். அவர் கேட்கும் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அடுத்த முறை பாருங்கள். கிளாவெனெசும் தம் நாட்டுக் கழகங்களின் வாக்கில் வந்தவரே.