இரண்டு திரை, ஒரே வால்யூம்

வால்யூமைக் கூட்டினால் ஒரு மானிட்டர் மட்டும் சத்தம் போடுகிறது, மற்றது ஊமையாக இருக்கிறது என்கிறீர்கள். மானிட்டர் கெடவில்லை. விண்டோஸ் ஒவ்வொரு மானிட்டரையும் தனித்தனி ஸ்பீக்கராகவே பார்க்கும். இயல்பு வெளியீடாக எது இருக்கிறதோ, அந்த ஒன்றுக்குத்தான் சத்தம் போகும்.

இரண்டிலும் வேண்டுமென்றால் வாய்ஸ்மீட்டர் பனானா என்ற மென்பொருளைப் போடுங்கள். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் வாய்ஸ்மீட்டர் இன்புட்டை இயல்பு வெளியீடாக்குங்கள். அப்புறம் அதன் வலது மேல் மூலையில் ஏ1 என்ற வெளியீட்டுக்கு ஒரு மானிட்டரையும் ஏ2-க்கு மற்றதையும் தேர்ந்தெடுங்கள். நடுவில் உள்ள முதல் வர்ச்சுவல் இன்புட் பட்டையில் ஏ1, ஏ2 பொத்தான்கள் இரண்டும் எரிய வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அந்தப் பட்டையின் ஸ்லைடரை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து ஏறும், இறங்கும். அதற்கு முன் மானிட்டர்களின் சொந்த மெனுவில் இரண்டு வால்யூமையும் காதுக்குச் சமமாக வைத்துவிடுங்கள்.

மானிட்டர்கள் வெவ்வேறு மாடல் என்றால் லேசாக எதிரொலிக்கலாம். பாட்டுக்கு எரிச்சல்தான். ஒன்றில் ஜூம், மற்றதில் பாட்டு போதும் என்றால் விண்டோஸ் வால்யூம் மிக்சரிலேயே செயலிவாரியாகப் பிரிக்கலாம்.

என்னைக் கேட்டால், மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாம் தகர டப்பா. சிங்கப்பூரின் மின்னணுப் பொருள் கடைவளாகமான சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போனால் ஒரு சின்ன யுஎஸ்பி ஸ்பீக்கர் வாங்கிவிடுங்கள்.