கேட்டுக்கு எந்த மரம்?

வீடு கட்டுகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன் கேட்டை முடித்துவிடப் பார்க்கிறார்கள் போல. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மர கேட் பற்றியே. சுருக்கித் தருகிறேன்.

வாசலுக்கு 10 அடி அகலத்தில் மர கேட் போடப் போகிறோம். கடைக்காரர் தேக்கைவிட வேங்கைதான் உறுதி என்கிறார். எதை வாங்கலாம்? (வாசகி, திருச்சி)

வைரம் பாய்ந்த, அதாவது நடுவில் முற்றி இறுகிய கட்டையாக இருந்தால் இரண்டுமே வெயில் மழைக்கு நிற்கும். ஆனால் 10 அடி என்பதால் தேக்கு என்றுதான் சொல்வேன். காரணம் எடை. 5 அடி உயரத்துக்கு ஒன்றரை அங்குலப் பலகையை இடைவெளி விடாமல் அடித்தால் ஆறேகால் கன அடி மரம் பிடிக்கும். தேக்கில் அது சுமார் 115 கிலோ. வேங்கையில் 140 கிலோ. அத்தனையும் கீலில்தான் தொங்க வேண்டும். அதனால் எந்த மரமானாலும் இரட்டைக் கதவாகப் போடுங்கள். பலகைகளுக்கு நடுவே அரை அங்குலம் விட்டால் எடையும் குறையும், காற்றும் கேட்டைப் பிடித்துத் தள்ளாது.

வேங்கையில் இன்னொரு சங்கதி. நனைந்தால் சாயம் விடும். என் அக்கா வீட்டில் வெள்ளையடித்த கேட் தூணில் முதல் மழைக்கே மஞ்சள் கோடுகள் வழிந்துவிட்டன. மறுபடி அடித்தும் அடுத்த மழைக்கு வந்தன.

அப்புறம், ஆசாரியிடம் ஒன்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குறுக்கே சாய்வாக வரும் சட்டம், கீல் பக்கத்தின் அடியிலிருந்து கிளம்பித் தாழ்ப்பாள் பக்கத்தின் மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் அது சுமையைத் தாங்கும். மாற்றி வைத்தால் கேட் சீக்கிரமே தொங்கித் தரையில் உரசும்.

தோட்டத்து வேப்பமரம் விழுந்துவிட்டது. கசப்பு மரம், பூச்சி வராதாமே? கேட் செய்துவிடலாமா? (சிவகங்கை)

வேண்டாம். வெயிலில் முறுக்கிக்கொள்ளும். வைரத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கரையான் கசப்பு பார்க்காமல் தின்னும். நன்றாகக் காயவைத்து வீட்டுக்குள் அலமாரி செய்யுங்கள்.

பர்மா தேக்கு என்று சொல்லி 85,000 ரூபாய் வாங்கினார்கள். ஒன்றரை வருடத்தில் சட்டத்தின் ஓரமெல்லாம் மாவாக உதிர்கிறது. கேட்டால், "மரம் இயற்கைப் பொருள், நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். பில்லில் "மர கேட் 1" என்று மட்டும் இருக்கிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியர், கடலூர்)

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. 2009-இல் நானும் இப்படித்தான் வாங்கினேன். பாலிஷ் போட்டுத் தயாராக நின்ற கேட், முழுக்க ஒரே தேன் நிறம். மூன்றாவது மழைக்காலம் முடிந்து கீழ்ச்சட்டத்தை விரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. சுரண்டிப் பார்த்தால் சட்டத்தில் பாதி வெளிர் மஞ்சள். மரத்தின் வெளிச்சுற்றான வெள்ளைப் பகுதி அது. தேக்கேதான், ஆனால் பூச்சியையும் ஈரத்தையும் தாங்கும் வைரம் அதில் இல்லை. சாயம் ஏற்றி இரண்டையும் ஒரே நிறமாக்கியிருந்தார்கள். என் பில்லிலும் "கேட்" என்ற ஒரே சொல்தான்.

நம் ஊரில் மரத்தைப் பெயர் சொல்லியே விற்கிறார்கள், நாமும் பெயரைக் கேட்டே வாங்குகிறோம். பர்மா, அதாவது இன்றைய மியான்மர், 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத முழுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் "பர்மாவிலிருந்து புதுசா கட்டை இறங்கியிருக்கு" என்கிற கடைக்காரரிடம் காகிதத்தைக் கேளுங்கள். ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் இரோகோ போன்ற வேறு மரங்களும் வருகின்றன. கானா, நைஜீரியா தேக்கு பெரும்பாலும் தோட்டத்தில் நட்டு வளர்த்த தேக்குதான். ஆனால் இளசில் வெட்டினால் வெள்ளை அதிகம் இருக்கும். பர்மாவோ கேரளத்து நிலம்பூரோ, உங்கள் வாசலில் நிற்கப்போகும் கட்டையில் வைரம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதே கேள்வி. வைரத்தைப் பாலிஷுக்கு முன், அறுத்த முனையில்தான் பார்க்க முடியும்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. உளுத்த இடங்களைப் படம் எடுங்கள். கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியல், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு எதையும் அழிக்காதீர்கள். "பர்மா தேக்கு" என்று அதில் எங்காவது இருந்தால் அதுவும் சாட்சியம்தான். பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு துண்டு மரத்தைச் சோதித்து இன்ன மரம் என்று சொல்லும். கடைக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருடக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

4-க்கு 2 அங்குலம், 7 அடி நீளச் சட்டம் 12 வாங்கினேன். வீட்டில் அளந்தால் மூன்றே முக்கால், ஒன்றே முக்கால்தான் இருக்கிறது. இழைத்ததில் போய்விட்டது என்கிறார்கள். சரியா? (ஈரோடு)

இழைத்தால் குறையும், அது உண்மை. ஆனால் யார் கணக்கில் குறைய வேண்டும் என்று வாங்கும்போதே பேச வேண்டும். அங்குலத்தை அங்குலத்தால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. உங்களுக்குப் போட்ட கணக்கு 4.67 கன அடி, கையில் வந்தது 3.83. ஆறில் ஒரு பங்குக்கும் மேல் காணோம். அடுத்த முறை டேப்பை நீங்களே கொண்டு போங்கள்.

பில் போட்டால் வரி அதிகம் என்று பில் இல்லாமல் வாங்கினேன். மூன்று வருடமாகப் பெயின்ட், எண்ணெய் எதுவும் அடிக்கவில்லை. அடிப்பலகை மண்ணில் தொட்டபடி இருந்து உளுத்துவிட்டது. யார் மேல் வழக்குப் போடலாம்? (மதுரை)

யார் மேலும் முடியாது. பில் வேண்டாம் என்றது நீங்கள், மண்ணில் தொடவிட்டதும் நீங்கள். அடிச்சட்டத்தை மட்டும் மாற்றி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தித் தொங்கவிடுங்கள்.

தேக்கு கேட்டுக்கு வார்னிஷ் நல்லதா, எண்ணெயா? (நாகர்கோவில்)

எண்ணெய். வார்னிஷ் வெயிலில் வெடித்துத் தோலாக உரியும், முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க முடியும். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) என்று கேட்டால் கிடைக்கும். வருடம் ஒருமுறை, மழைக்கு முன், காய்ந்த மரத்தில் துணியால் தேயுங்கள். பலகைகளின் அறுத்த முனைகளில் இரண்டு தடவை. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.