மார்க் ஏறவில்லை என்றால் ஆங்கிலம் வளரவில்லையா?

கேள்வி: வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைக்கும் இலக்கணத் தேர்வில் பாதிப் பேருக்கு மார்க் அப்படியே நிற்கிறது, சிலருக்குக் குறையவும் செய்கிறது. 'எங்களுக்கெல்லாம் வராது' என்று சோர்ந்துபோகிறார்கள். முன்னேற்றத்தை எப்படித்தான் அளப்பது?

பதில்: அந்தத் தேர்வைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். கோடிட்ட இடத்தை நூற்றுக்கு நூறு சரியாக நிரப்புகிறவர், பார்சல் ஏன் வரவில்லை என்று போனில் கேட்கத் தெரியாமல் திணறுவதுண்டு. அவர்கள் எதற்காக வகுப்புக்கு வந்தார்களோ அதைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோலும் இதைத்தான் பார்க்கிறது: தொடக்கமான ஏ1 முதல் உச்சமான சி2 வரை ஆறு நிலைகள், ஒவ்வொன்றிலும் 'இன்னின்னதைச் செய்ய முடியும்' என்ற விவரிப்பு. ஆனால் ஒரு நிலையைத் தாண்டச் சுமார் 200 மணி நேரப் பயிற்சி தேவை என்பது பொதுவான கணக்கு, வாரம் நாலு மணி நேரம் வருகிறவருக்கு அதுவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிடும். மூன்று மாதத்தில் நிலை மாறாததில் ஆச்சரியமே இல்லை.

நிலைக்குள்ளே நடக்கும் நகர்வைப் பிடிக்க, செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். 'நேற்று என்ன செய்தீர்கள்' மாதிரி ஒரு கேள்வி, இரண்டு நிமிடம், தயாரிப்பு கிடையாது. சில மாதம் கழித்து அதே வகைக் கேள்வி கேட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முன்பு மூன்று சொல்லுக்கு ஒரு முறை நின்றவர் இப்போது வாக்கியத்தை முடித்துவிட்டு நிற்கிறாரா, 'பிகாஸ்', 'பட்' போட்டு இரண்டு விஷயத்தை இணைக்கிறாரா, தப்பாகச் சொன்னதைத் தானே திருத்துகிறாரா, புரியாதபோது தலையாட்டாமல் திருப்பிக் கேட்கிறாரா? இதையெல்லாம் எந்த இலக்கணத் தாளும் காட்டாது.

தப்பு கூடினால் பயப்படாதீர்கள். முதலில் 'ஐ கேம்' என்று மனப்பாடமாகச் சரியாகச் சொன்னவர், இறந்தகால விதி பிடிபட்டதும் 'ஐ கம்ட்' என்று ஆரம்பிப்பார். அவர் விதியைத் தானாகப் பொருத்திப் பார்க்கிறார், கொஞ்ச நாளில் 'கேம்' திரும்பிவிடும். மார்க் குறைந்தவர்களில் இப்படியும் சிலர் இருக்கக்கூடும், தாளை எடுத்து எந்த மாதிரித் தப்பு என்று பாருங்கள். அப்புறம் ஒன்று, தயவுசெய்து மார்க்கை எல்லோர் முன்னாலும் வாசிக்காதீர்கள். பள்ளியில் பட்ட அவமானத்தைச் சுமந்துகொண்டே பலர் வருகிறார்கள், இன்னொரு தடவை பட்டால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

கேள்வி: ஆங்கிலச் செய்தியைப் படித்தால் புரிகிறது, பேச வாய் வரவில்லை. நான் எந்த நிலை?

பதில்: ஒரே நிலை என்று சொல்ல முடியாது. படிப்பதில் பி1, பேசுவதில் ஏ2 என்று இருப்பது சகஜம், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்விலும் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்குக்கும் தனித்தனி மதிப்பெண்தான். அதனால் நான்கையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த சில மாதம் பேச்சுக்கு மட்டும் நேரத்தைக் கொடுங்கள். படிப்பில் இருப்பதை வைத்துப் பேச்சைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.